பதினேழாம் நம்பர்

அவள் என்ன படிக்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லி மாளவில்லை. அறிவாற்றல் அறிவியலில் முதுகலை என்றதும் மூளை டாக்டர் என்று எடுத்துக்கொண்டு சித்தி தலைவலிக்கு மாத்திரை கேட்டாள். ஐந்து வருடம் கால் சென்டரில் முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கிவிட்டு, முப்பது வயதில் வேலையை விட்டுப் படிக்க வந்தவள். ஆய்வேட்டில் கோட்டை விட்டால் திரும்பவும் அந்த நாற்காலிதான். அப்பா மட்டும் கேட்டவர்களிடமெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுவார், "மனுஷன் எப்படி கவனிக்கிறான்னு படிக்குது. எங்க ஆளுங்களப் பத்தித்தான்."

அது உண்மையும்கூட. முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அவரைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த யோசனையே வந்தது. கனரக வண்டி ஓட்டியவர்களுக்கு, வயதான பிறகும், ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிக்கும் வேகம் மேசை வேலை பார்த்தவர்களைவிட அதிகம் என்று காட்ட வேண்டும். அதற்கு இருபது ஓட்டுநர்கள், இருபது குமாஸ்தாக்கள். குமாஸ்தாக்களைச் சேர்ப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஓட்டுநர்களை அப்பா ஒரே வாரத்தில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது விதி. ஆளுக்கொரு நம்பர் எழுதிய சீட்டுக் கொடுத்தாள். வாழ்நாளெல்லாம் நம்பர் போட்ட பஸ்ஸை ஓட்டியவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாளே டிப்போ வாசலில் "என்ன பன்னெண்டு, இன்னிக்கு லேட்டு?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பன்னிரண்டு என்பது ஹாரன் என்று பட்டப்பெயர் வாங்கிய, மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். அப்பா பதினேழு. இந்தக் கூத்து நடப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவளுக்கு நேரமில்லை.

சோதனையில் அப்பா ஒரு தப்புகூடச் செய்யவில்லை. ஆனால் நாற்பது பேரில் அவர்தான் ஆக மெதுவானவர். ஒவ்வொரு முறையும் நிச்சயமாகத் தெரிந்த பிறகே பொத்தானை அமுக்கினார். அவரைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று வந்தது. மூன்று நாள் விதவிதமாகப் போட்டுப் பார்த்தாள். நான்காம் நாள் பதினேழாவது வரியை எடுத்துவிட்டுப் போட்டாள், வித்தியாசம் பளிச்சென்று வந்து நின்றது. எடுத்ததற்குக் காரணம் எழுத வேண்டும் என்றார் ஆய்வு வழிகாட்டி. 'விதிமுறை புரியவில்லை' என்று இரண்டே வார்த்தையில் எழுதினாள். எழுதியது தப்பு என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துப் பேசும் நாளில், வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும், அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்துவிட்டார். கூடவே ஹாரனும் இன்னும் மூன்று ஓட்டுநர்களும். கடைசி வரிசையில் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்தார்கள். அவளுக்கு முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. பிறகு வரைபடம் வந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில், 'பதினேழாம் நம்பர் நீக்கப்பட்டது.'

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார். அவள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பாமல் பதில் சொன்னாள்.

"அவருக்கு என்ன செய்யணும்னே புரியல சார்."

"யோவ் பதினேழு!" என்று ஹாரன் வாய்விட்டுச் சிரித்தார். இன்னொருவர் அவர் தொடையில் தட்டி அடக்கினார். அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. நம்பரைப் போட்டால் ஆள் தெரியாது என்று நம்பியிருந்தாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த பக்கங்களை எப்படி வாசித்து முடித்தாள் என்று இன்றுவரை அவளுக்கு நினைவில்லை. தேறிவிட்டாய் என்றார்கள். எல்லோரும் கை கொடுத்தார்கள், அப்பாவும் கொடுத்தார்.

ஓட்டுநர்கள் ஏதோ வேலையிருப்பதாகச் சொல்லி முன்னாலேயே நழுவினார்கள். ஹாரன்கூடச் சத்தமில்லாமல் போனார். பல்கலைக்கழக வாசல் பஸ் நிறுத்தத்தில் அப்பாவும் அவளும் மட்டும். அப்பா சாலையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

"அம்பு எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கப் பொத்தான அமுக்கணும். மணி அடிச்சா கால்ல மிதிக்கணும். ரெண்டும் சேந்து வந்தா மணிக்குத்தான் முதல்ல. முடிஞ்ச வேகத்துல, ஆனா தப்பில்லாம." நிறுத்தி அவளைப் பார்த்தார். "எதையாவது விட்டுட்டேனா?"

ஆறு மாதத்துக்கு முன் அவள் வாசித்துக் காட்டியது. ஒரு வார்த்தை பிசகவில்லை. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"இல்லப்பா. உங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்க அவளுக்கு வராமல் இல்லை. கால் சென்டரில் ஐந்து வருடம் அதைத்தான் செய்தாள். ஆனால் அப்பாவிடம் அதைச் செய்யவில்லை.

"உங்களச் சேத்தா நான் சொல்ல வந்தது நிக்கலப்பா. அதான் எடுத்துட்டேன்."

அப்பா அதை மெதுவாக யோசித்தார். சோதனையிலும் இப்படித்தான் யோசித்தார்.

"அப்ப நீ சொல்ல வந்ததே பொய்தானேம்மா?"

கோபத்தில் கேட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் சந்தேகம்தான் கேட்டார். தான் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று மகளிடமே கேட்டார்.

அவர்களுடைய பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது. தேர்வாளர் மாலைவரை இருப்பார் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள்.

"நானும் வரட்டுமா?" என்றார் அப்பா.

வேண்டாம் என்றுதான் முதலில் வாயில் வந்தது. அவர் முன்னால் அதைச் சொல்வதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

"வாங்கப்பா" என்றாள்.