மயில் பார்டரும் திருட்டு சாஃப்ட்வேரும்

ஆரணியில் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைந்து விற்கிறேன். என்னிடம் மயில் பார்டர் டிசைன் வாங்கிய ஒரு கடைக்காரர் அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டார். என்னோடு டிசைன் வரையும் மகளையும் கூட்டிக்கொண்டு இன்று சண்டைக்குப் போனேன்.

"ஃபைல் தானேங்க, அனுப்பினா தேஞ்சா பூடும்?" என்றார் அவர்.

"அது என் உழைப்புங்க. நீங்க பண்ணது திருட்டு!" என்று கத்தினேன்.

மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நீ வரையற சாஃப்ட்வேரே காசு குடுக்காம யார்கிட்டயோ வாங்கிப் போட்டதுதானே? நான் மட்டும்தான் மாசாமாசம் பணம் கட்டிகினு இருக்கேன்."

கடைக்காரர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வீடு வரும்வரை மகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். அதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.