எங்கள் மனேஜரைத் துரத்திய கதை

சிட்னியில் எங்கள் தமிழ் உதைபந்தாட்ட அணிக்கு ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் மனேஜராக இருந்தார். இளமையில் தன் நாட்டில் சம்பளத்துக்குப் பந்தடித்தவர். முழங்கால் போனதும் இங்கே வந்து மனேஜரானார். போன கிளப்பிலெல்லாம் கமிட்டியோடு சண்டை பிடித்து வெளியேறி, கடைசியில் நான் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான்தான் அவரை எங்கள் ஆட்களிடம் கூட்டிப் போனேன். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதி விளங்காது. என்னுடையது அவருக்கு முழுதாக விளங்காது. அதனால் எங்களுக்குள் மட்டும் சண்டை வரவில்லை.

எங்கள் கிளப்பில் யார் ஆடுவது என்பதைக் கால் தீர்மானிப்பதில்லை, ஊரில் படித்த பள்ளிக்கூடம், அதாவது கொலிஜ், தீர்மானிக்கும். ஒரு கொலிஜுக்கு மூன்று இடம் என்றால் மற்றதுக்கும் மூன்று. இல்லாவிட்டால் கமிட்டி உடைந்துவிடும். நானோ ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். பந்தடிக்கப் பழகியது வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமின் முற்றத்தில். அதற்குப் பழைய மாணவர் சங்கம் கிடையாது. ஆகவே தண்ணீர்ப் போத்தல் சுமந்துகொண்டிருந்தேன்.

மனேஜர் வந்ததும் என்னை இடப்பக்கம் தடுக்கும் லெப்ட் பேக்கில் இறக்கினார். நான் கெட்டிக்காரன் என்று இல்லை. பயிற்சிக்குத் தவறாமல் வந்தவன் நான் ஒருவன்தான். வீட்டில் நின்றால் மனுஷி சமைத்து முடித்த குசினியைக் கழுவச் சொல்லுவாள்.

இறுதியாட்டம் தொடங்குமுன் உடுப்பு மாற்றும் அறைக்குக் கமிட்டிச் செயலாளர் வந்தார். கூடவே தலைவரின் மருமகன், காலில் புதுச் சப்பாத்தோடு. பயிற்சிப் பக்கமே வராதவன்.

“தம்பி, நீர் இண்டைக்கு வெளியிலை இரும். எங்கடை கொலிஜ் ஆள் ஒண்டு குறையுது.”

“எனக்குப் பிரச்சினை இல்லை அண்ணை. மனேஜரைக் கேளுங்கோ.”

கேட்டார். பயிற்சிக்கு வந்தவன்தான் ஆடுவான் என்றார் மனேஜர். அப்படியென்றால் இன்றோடு உமக்கு வேலை இல்லை என்றார் செயலாளர். மனேஜர் சிரித்தார். வேலை போவது தனக்குப் பழக்கம் என்று அவர் சொன்னது எனக்கே விளங்கியது.

ஆடினேன். ஆட்டத்தின் ஒரே கோலையும் நான்தான் போட்டேன். எங்கள் வலைக்குள்.

செயலாளர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நேரே மனேஜரிடம் போய், பந்துகளைப் பூட்டி வைக்கும் கொட்டிலின் திறப்பைத் தா என்று கையை நீட்டினார்.

“அண்ணை, கோல் விட்டது நான். அவரை ஏன் கலைச்சுத் துரத்துறியள்?”

“அது கமிட்டியின்ரை முடிவு. உமக்கென்ன தெரியும்?”

“அப்ப என்ரை முடிவையும் பிடியுங்கோ.”

ஜேர்சியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். என் தொப்பை வெளியே விழுந்தது, பார்க்க வடிவில்லைதான். பிறகு, செயலாளரின் கொலிஜிலேயே படித்த கோல்கீப்பர் தன்னுடையதைக் கழற்றினான். மற்றவர்களும் கழற்றினார்கள். ஆடாத மருமகன்கூட எழும்பி, “சப்பாத்தையும் குடுக்க வேணுமோ?” என்று கேட்டான்.

இப்போது ஒரு பொதுப் பூங்காவில் ஆடுகிறோம். கமிட்டி இல்லை, ஆளுக்கொரு நிறத்தில் சட்டை. போன கிழமையும் தோற்றோம். மனேஜர் கோட்டுக்கு வெளியே நின்று என்னைத் திட்டிய திட்டில் நாயோடு நடக்க வந்தவர்கள் வேறு பாதையால் போனார்கள். அடுத்த கிழமையும் அவர்தான் மனேஜர், நான்தான் லெப்ட் பேக். ஏலுமென்றால் வந்து கலைத்துப் பாருங்கள்.