பரமேஸ்வரி ரீச்சரின் பெரிய கொக்கிகள்

தபாலட்டை என் கைக்கு வந்தபோது எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுகூட முடிந்திருந்தது. நெடுங்கேணிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம், தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே யன்னலால் நீட்டிவிட்டுப் போனார். “பரமேஸ்வரி மாமி வியாழக்கிழமை விடியப்புறம் காலமாகிவிட்டா” என்று ரீச்சருடைய தமையன் மகன் எழுதியிருந்தான். ஒரே ஒரு வரி. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் நிறுத்தவில்லை. நிறுத்தி யாரிடம் சொல்வது? இங்கே அவரைத் தெரிந்தவர் என்று ஒரு குஞ்சும் இல்லை. கிளிநொச்சிக் குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் கைப்பணி படித்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சொல்லி அழ எனக்கு வேறு ஆட்கள் இல்லை.

நான் அங்கே போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஆசிரியைகளுக்கென்று இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வீடு. ஓர் அறை அவருக்கு, மற்றது எனக்கு. வந்த அன்றே அவருடைய மேசையில் இருந்த பிஸ்கற் தகரத்தைத் திறந்து பார்க்கப் போய் ஏச்சு வாங்கினேன். “தொடாதையும்! அது என்ர சீதனம்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னைப்போல அவரும் கலியாணம் ஆகாதவர் என்று நான் முடிவு செய்துகொண்டேன். நெற்றியில் கறுப்புச் சாந்துப் பொட்டு, பூப்போட்ட வொயில் சேலை. வேறென்ன நினைப்பது?

அந்தச் சீதனம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மூக்கு மெலிந்த குறடு ஒன்று, வெட்டுக் குறடு ஒன்று, ஒரு சின்ன வாள், அரம், சுத்தியல், வழவழவென்று சீவிய பாலைக் கம்பு. றெயில்வே ஆட்களிடம் கேட்டு வாங்கிய கைப்பிடியளவு தண்டவாளத் துண்டுதான் பட்டடை. எரிந்துபோன மோட்டர்களில் கழற்றிய செப்புக் கம்பியைப் பாலைக் கம்பில் நெருக்கமாகச் சுற்றி, நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டுவார். கம்பை உருவினால் வளையங்கள் பொலபொலவென்று விழும். அவற்றைக் கோத்தால் சங்கிலி. அவசரப்பட்டு வளைத்து முறித்த பிள்ளையிடம், “கம்பி நூறு தரம் வளையாது, மோனை. யோசிச்சு ஒருக்கா வளை” என்பார். ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்டமாட்டார். கம்பியைத் தான் வாங்கி வளைத்துக் காட்டி, மேசையில் வைப்பார்; பிள்ளை எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சுத்தம் பார்க்கிற மனுஷியா என்று நான் மனதுக்குள் பழித்ததுண்டு.

அந்த நாளில் குடியேறி வந்த சனத்தின் காதிலும் கழுத்திலும் பெரிதாக ஒன்றும் கிடையாது. இருந்த நகை காடு வெட்டவும் கிணறு வெட்டவும் போய்விட்டது. அதனால் பெருநாள் வந்தால் பெண்பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில்தான். நவராத்திரிக்குக் காட்டோரம் பொறுக்கிய குன்றிமணியைத் துளைத்து மாலை. நோன்புப் பெருநாளுக்குக் முஸ்லிம் கடைக்காரர் காக்காவின் இரண்டு பெண்களுக்கும், தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் சுற்றிய பிறைத் தோடு. நத்தாருக்குக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு முல்லைத்தீவு மீன்செதிலைக் கழுவிக் காயவைத்துச் சாயமிட்டு நட்சத்திரப் பூ. அந்தப் பூவின் அழகைப் பார்த்து, சரஸ்வதி பூசைக்கும் இதையே செய்வோமே என்று நான் கேட்டுவிட்டேன். “சரஸ்வதிக்கு மீன் செதிலோ? விசரி!” என்று கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அவருடைய மாலைகளின் கொக்கிகள் அளவுக்கு மிஞ்சிப் பெரியவை. இவ்வளவு வடிவான மாலைக்கு மாட்டுக் கொளுக்கி மாதிரி இதென்ன என்று கேட்டேன். “ஆறு வயசுப் பிள்ளையும் தானே போடவேணும்” என்றார். எந்தப் பிள்ளைக்கும் அவர் தன் கையால் மாலை போட்டுவிட்டதில்லை. “நீயே போடு, பிள்ளை” என்று தள்ளி நின்று பார்ப்பார். எனக்கு அது கண்டிப்பு என்றுதான் பட்டது.

இனிச் சொல்லப்போவதை உங்களில் சிலர் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். என் ஐந்தாவது வருஷச் சரஸ்வதி பூசை. கமலம் சரஸ்வதியாக வேஷம் கட்டி நிற்கிறாள். கையைத் தூக்கினால் தலையில் கட்டிய கிரீடம் சரிகிறது. மாலையைத் தானே போட முடியவில்லை. கமலத்தின் தாய், “ரீச்சர், நீங்களே போட்டுவிடுங்கோ. உங்கடை ராசியான கை” என்றாள். “நீங்கள் போடுங்கோ, அம்மா” என்று அவர் பின்வாங்கினார். திரை தூக்க நேரமாகிவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா? மாலையை எடுத்து அவர் கையில் திணித்து, “இதென்ன அக்கா கூச்சம்? செய்தது நீங்கள், போட வேறை ஆள் வரவேணுமோ?” என்று எல்லோரும் கேட்கச் சத்தம் போட்டேன்.

அவர் மாலையைப் பார்த்தபடி, “நான் தாலி கழட்டினவள்” என்றார். “பத்தொன்பது வயசிலை.”

கமலத்தின் தாய் மாலையை வாங்கி, பூசைக்கு வைத்திருந்த மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, மகளின் கழுத்தில் தானே போட்டாள். அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். கெட்ட வேலை செய்தது நான்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வந்தது கடைக்காரரின் இரண்டு பெண்கள் மட்டுமே. மற்றப் பிள்ளைகள் வகுப்பில் செய்தார்கள். செய்ததை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் விட்ட பின்னர் அவர் அவற்றைப் பிரித்து, கம்பியை நிமிர்த்தித் தகரத்துக்குள் வைப்பார். மன்னிப்புக் கேட்கப் போனேன். “நீர் வேணுமெண்டு செய்யேல்லை. விடும்” என்றார். விட்டுவிட்டேன். அந்தத் தீபாவளிக்கும் வழக்கம்போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். ஐந்து வருஷமாக ஒவ்வொரு பெருநாளுக்கும் அவரை அந்த வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். “என்னோடை வாங்கோவன்” என்ற ஒரு சொல் என் வாயில் வந்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

தைப்பொங்கலுக்கு முதல்நாளும் புறப்பட்டேன். வாசற் படலை வரை போன பிறகு அறைக்குள் குறடு கடிக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் வரப்போவதில்லை, பின்னே யாருக்கு? கால் மேலே நகரவில்லை. திரும்பி உள்ளே போனேன். குன்றிமணி மாலை ஒன்று முடிந்திருந்தது.

“ஆருக்கு அக்கா?”

“ஒருத்தருக்கும் இல்லை. கை சும்மா கிடக்குதில்லை. பஸ் போகப்போகுது, ஓடும்.”

பெட்டியை வைத்துவிட்டு, அவருக்கு முதுகு காட்டிப் பாயில் உட்கார்ந்து பின்னலைத் தூக்கினேன். “போட்டுவிடுங்கோ.”

“விசரே உமக்கு? கலியாணம் ஆகாத பிள்ளை. நாளைக்கு ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால் என்ர கையைத்தான் சொல்லுவினம்.”

“சொல்லட்டும். போடாமல் எழும்பமாட்டன்.”

பஸ் வந்து நின்று, போகிற சத்தமும் கேட்டது. அதன் பிறகும் கனநேரம் இருந்தேன். கடைசியில் அவருடைய விரல்கள் என் கழுத்தில் பட்டன. குளிர்ந்திருந்தன. கொக்கி மாட்டிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றம் வந்தது. முதலில் மாதம் ஒரு கடிதம் எழுதினேன், பிறகு வருஷத்துக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. எனக்கு இன்னும் கலியாணம் ஒன்றும் சரிவராததற்கு எங்கள் வீட்டில் அந்தத் தைப்பொங்கலைத்தான் காரணம் சொல்கிறார்கள். வாயுள்ளவர்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும். அந்த மாலையைத் தவிர அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்து அவர் கேட்ட ஒரு கேள்விதான்.

“இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பதினொரு வருசம். ஒரு பிள்ளையின்ர கையைக்கூடப் பிடிச்சதில்லை. உமக்குத் தெரியுமோ?”

தெரியாது என்றேன். ஐந்து வருஷமும் அடுத்த அறையில்தான் இருந்தேன்.