பாசிமணிப் பை

பத்திரிகையில், அமெரிக்கப் பழங்குடியான ஓஜிப்வே இனப் பெண்கள் பாசிமணியால் பூக்கோலம் தைத்த பையின் படத்தைப் பார்த்ததும் வியந்துபோனேன். எங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்தது.

எனக்கு ஏழு வயதில், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியான அப்பா அதைக் கொண்டுவந்தார்.

"அமெரிக்கக் கப்பல்காரன் குடுத்தான்."

"இங்க மணி கோக்கிறது நோன்யாக்காரிங்கதான். எவ குடுத்தா, சொல்லுங்க" என்றாள் அம்மா. மலாய் பேசும் உள்ளூர்ச் சீனப் பெண்களைத்தான் நோன்யா என்பார்கள்.

மூன்று நாள் அம்மா பையைத் தொடவே இல்லை. பிறகு அம்மா, அப்பாவுக்குத் தெரியாமல், பையோடு என்னையும் நோன்யாக்கள் வாழும் காத்தோங் பகுதிக்கு இழுத்துப் போனாள். அங்கே மணிச்செருப்பு தைக்கும் நோன்யா ஒருத்தி கறுப்பு வெல்வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, அது தங்கள் வேலையே இல்லை என்று மலாயில் சொன்னாள்.

மறுநாள் அம்மா அந்தப் பையோடு கோயிலுக்குக் கிளம்பினாள்.

"என்ன, பிடிச்சிருச்சா?" என்றார் அப்பா.

வாயைத் திறக்காதே என்பதுபோல் அம்மா என்னை முறைத்தாள். நீங்கள் சொன்னது உண்மைதான் என்று அம்மா அவரிடம் சொல்லியிருந்தால்தான் என்ன? எனக்கு இன்றும் விளங்கவில்லை.