வடாவும் பாவும் கப்பலேறிய நாள்

என் மனைவி ஜான்சிக்கு நாய் என்றால் உயிர். எனக்கு ஆகவே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இந்த அமல்ராஜ் அழுதான் என்று யாராவது கிளப்பிவிட்டால் நம்பாதீர்கள்.

நாங்கள் புனேயில் போபோடிக்காரர்கள். என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்து ஃபாக்டரிக்கு வந்தார். நானும் அங்கேதான் சட்டை கிழித்தேன். ஜான்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஔந்தில் கிரிஜா வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். கிரிஜா கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். தொண்ணூற்றைந்து மழைக்காலத்தில் எங்கள் ரயில்வே கேட் பக்கம், வடாபாவ் வண்டிக்கு அடியில் நனைந்து கிடந்த இரண்டு குட்டிகளை ஜான்சி முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பெட்டை வடா, கடுவன் பாவ். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு ஷீலா எட்டிப் பார்த்தாள். மூன்று மாதம் கழித்து கிரிஜா அவற்றைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆனால் அவள் வெளியூர் போகும்போதெல்லாம் இரண்டும் எங்கள் வீட்டில்தான்.

சாயங்காலம் ஜான்சி அவற்றை முளா ஆற்றங்கரையில் ஓடவிடுவாள். இருட்டினதும் கையை நீட்டி, "சலோ கர்!" என்பாள். வீட்டுக்குப் போ என்று அர்த்தம். நாய்க்குத் தமிழ் வராது என்பது அவளுடைய முடிவு. அவ்வளவுதான், இரண்டும் திரும்பிப் பாராமல் எங்கள் வாசலுக்கு ஓடிவந்து நிற்கும். நான் கூப்பிட்டால் ஒன்றும் மதிக்காது.

பிறகு கிரிஜாவுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. நாய்களும் போயின. வெளிநாட்டு நாய், நோய் இருக்கலாம் என்று போனதும் ஆறு மாதம் தனிக்கூண்டில் போட்டார்களாம். ஜான்சி இங்கே ஆறு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் கிரிஜாவுக்குக் குழந்தை பிறந்தது, உதவிக்கு ஜான்சியை வரச் சொன்னாள். "நாய் மேய்க்க சீமைக்குப் போறியா?" என்றேன். "நீ பக்கத்துல இருக்கற லோணாவளா தாண்டினது இல்ல, அந்த வயித்தெரிச்சல்" என்றாள். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மஞ்சள்தூளை அடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

ஜான்சி போய் மூன்று மாதம் முடிகிற நேரம். கிரிஜாவின் கணவன் ரவிசந்திரன் முன்பே நியூயார்க்குக்கு வேலை மாறிப் போயிருந்தான். பத்து வயசான நாய்களுக்கு இதயம் பலவீனம், விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாய்க்கும் இடம் தருகிற கப்பல் ஒன்று சௌத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து நியூயார்க் போகிறது. கிரிஜா, குழந்தை, வடா, பாவ் எல்லோரும் அதில் போக வேண்டியது. ஜான்சி மறுநாள் பம்பாய்க்கு விமானம் ஏற வேண்டியது.

கப்பலுக்கு இரண்டு நாள் இருந்தது. கிரிஜா கைக்குழந்தையோடு ஓட்டலில் இருக்க, ஜான்சி நாய்களைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினாள். அந்த இரண்டு நாளை அவள் எனக்கு இரண்டு வருஷம் சொல்லியிருப்பாள்.

"எழுநூறு வருசத்துக் கோட்டச் செவுருய்யா! யாரும் காவல் இல்ல, டிக்கெட் இல்ல. நான் பாட்டுக்குக் கைய வெச்சிக்கினு நிக்கிறேன். ஒடம்பு சிலிர்த்துப்போச்சு." கோட்டை வாசலில் இரண்டு சிங்கச் சிலைகளாம். பாவ் அவற்றைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் கூட்டம் கூடிவிட்டதாம். இன்னொரு பழைய வாசலைக் காட்டி, முன்பெல்லாம் கடல் இதுவரை வந்தது, அமெரிக்காவுக்கு முதலில் குடிபோனவர்களில் ஒரு கூட்டம் இந்த ஊரிலிருந்துதான் கப்பல் ஏறியது என்று கிரிஜா சொல்லியிருந்தாள். ஜான்சி அந்த வாசலில் குனிந்து நாய்களிடம், "பாத்துக்கோங்க, உங்களுக்கு முன்னாடியே போயிருக்காங்க, பயப்படாதீங்க" என்றாளாம். நாய் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய்ப் பையில் அள்ள வேண்டுமாம். அதையும் பெருமையாகவே சொன்னாள்.

அப்புறம் ஒரு சர்ச். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து கூரை போய்விட்டது. சுவரை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். வெடிமருந்து ஃபாக்டரியில் நான் செய்கிற வேலைதான் அவளுக்கு அங்கே ஞாபகம் வந்ததாம். "நாய உள்ள வுட்டாங்கய்யா. நம்ம சர்ச்சுல வாசல்லயே தொரத்துவாங்க. மேல பாத்தா ஆகாசம். நான் முட்டி போட்டேன், ரெண்டும் பக்கத்துல ஒக்காந்துச்சுங்க." இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தானாக இறங்கிவிடும்.

திரும்பும் வழியில்தான் கண்ணாடித் துண்டு வடாவின் காலைக் கிழித்தது. போபோடியில் வெட்டுக்காயத்துக்கு என்ன செய்வோம்? மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அப்பினாள், துணியைக் கட்டினாள். ரத்தம் நின்றுவிட்டது. வடா விடியவிடிய துணியைப் பிய்த்து நக்கியிருக்கிறாள்.

மறுநாள் துறைமுகம். கப்பலைப் பார்த்ததும் ஜான்சிக்குக் காலே நகரவில்லை. "பிம்ப்ரி ஃபாக்டரி எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, தண்ணில வுட்டா மாதிரி. தலைய எவ்ளோ தூக்கினாலும் முடியல." சட்டையில் தங்கப் பட்டி போட்ட ஓர் அதிகாரியம்மா நாய்களைப் பரிசோதித்தாள். பாவ் தேறிவிட்டான். வடாவின் வாயைத் திறந்தவள் திடுக்கிட்டாள். நாக்கு மஞ்சள், ஈறு மஞ்சள், நெஞ்சு மயிர் மஞ்சள். மஞ்சள் காமாலை, ஈரல் கெட்டிருக்கிறது, ஏற்ற முடியாது என்றுவிட்டாள்.

கிரிஜா இங்கிலீஷில் மன்றாடினாள். அந்தம்மா காகிதத்தையே பார்த்தாள். குழந்தை வீறிட்டது. "அக்கா, இவளை யார்கிட்டங்க்கா விட்டுட்டுப் போவேன்?" என்று கிரிஜா அழுதாள். யாரிடம் விடுவது? நாளைக்கு ஜான்சியும் இருக்க மாட்டாள். பத்து வயசு நாய், தெரியாத தேசத்தில், கூடப்பிறந்தவனும் இல்லாமல்.

ஜான்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள். அத்தனை தொப்பிக்காரர்கள், கோட்டுக்காரர்கள் நடுவே, ஒரு கை மஞ்சளை வாயில் கொட்டி மென்றாள். கண்ணில் நீர் வழிய, அந்தம்மா முகத்துக்கு நேரே நாக்கை நீட்டினாள்.

அடேயப்பா! என் பெண்டாட்டி! இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு விம்முகிறது.

அதிகாரியம்மா நாக்கையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். வடாவின் நெஞ்சைத் தொட்டுத் தன் விரலைப் பார்த்தாள். அதுவும் மஞ்சள். உடனே சிரிப்பு வெடித்தது. ஆனாலும் விடவில்லை, கால்நடை டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வடாவின் கண் இமையை விலக்கி, கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

ஏறு பாலத்தின் அடியில் வடா நின்றுவிட்டாள். பாவும் நின்றான். கிரிஜா இழுத்தாள், அசையவில்லை. இரண்டும் ஜான்சியையே பார்த்தன. அவளும் வருவாள் என்று நினைத்திருக்கும்.

ஜான்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கையை அந்த மலைபோன்ற கப்பலை நோக்கி நீட்டி, முளா ஆற்றங்கரையில் சொல்கிற அதே குரலில் கத்தினாள்.

"சலோ கர்!"

இரண்டும் குடுகுடுவென்று பாலத்தில் ஏறி உள்ளே ஓடிவிட்டன.

அவள் திரும்பி வந்த அன்று தெருவே எங்கள் வீட்டில்தான். கோட்டை, சிங்கம், கப்பல் எல்லாம் சொல்லி முடித்தாள். "எல்லாத்துலயும் இன்னா பெரிய அதிசயம், ஜான்சி?" என்று ஷீலா கேட்டாள். சுவரைச் சொல்வாள், இல்லை கப்பலைச் சொல்வாள் என்று காத்திருந்தோம்.

ஜான்சி, இரண்டும் ஓடிவந்து நிற்கிற அந்த வாசலைப் பார்த்தாள்.

"அந்தக் கப்பல் அதுங்க வீடு இல்லன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னேன்னு நம்பி, திரும்பிக்கூடப் பாக்காம ஓடுச்சுங்க பாரு. அதான்."