ஐந்து சுவர் தாண்டும் கார்டு

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எது கெட்டாலும் பழி மூடுபனியின் மேல்தான், எங்கள் பேச்சில் மஞ்சு. துணி காயவில்லையா, மஞ்சு. ஜீப் வரவில்லையா, மஞ்சு. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் அந்தப் புத்தி ஒட்டியிருந்தது. லேப்டாப்பில் வைஃபை அறுந்து அறுந்து விழுந்தபோது மூன்று மாதம் வானத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். பாதி வகுப்பில் நான் காணாமல் போவதாக இரண்டு புகார் போய்விட்டது. சனிக்கிழமை வகுப்பில் மேலாளரும் உட்காருவார், அதிலும் அறுந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருந்தது. அதன்பிறகு வீட்டிலிருந்து இன்னொருவர் கொழுந்து பறிக்கப் போகவேண்டும், இல்லையென்றால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். என் வேலை நிலைத்தால் குமுளியில் வாடகைக்குப் போகலாம். நிலைக்காவிட்டால் அம்மாவின் கொழுந்துச் சாக்கு என் முதுகுக்கு. அந்த வேலையில் கேவலம் எதுவும் இல்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

புதன்கிழமை நல்ல வெயில். அன்றும் அறுந்தது. பக்கத்தில் அம்மா அதே வைஃபையில், போனில் மீன்குழம்பு வீடியோவை ஒரு தடங்கலும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எம் போனுக்கு மட்டும் மஞ்சு எறங்காதாக்கும்?" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம்.

மறுநாள் அம்மா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். குமுளியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் லேப்டாப்பின் அடியைக் கழற்றி, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகட்டைக் காட்டினார். அதுதான் வைஃபை கார்டாம். உள்ளே ஆண்டெனா ஒயர் இரண்டு இருந்தன, கார்டிலோ ஒன்றை மாட்டத்தான் இடம். இன்னொன்று சும்மா கிடந்தது, அதனால்தான் தூரத்துச் சிக்னலை அது பிடிக்கவில்லையாம்.

"இதக் கழட்டவே வேண்டா. வெளிய இதச் சொருகினாப் போதும், செம ஸ்பீடு" என்று நகம் அளவுக்கு ஒரு அடாப்டரை நீட்டினார்.

"வேகம் வேண்டாம்ணே, அறுபடாம இருந்தாப் போதும்."

லயத்தில் நாங்கள் பங்குபோட்டிருக்கும் வைஃபை பெட்டி இருப்பது எங்கள் வீட்டிலிருந்து ஐந்து வீடு தள்ளி. அங்கே கைக்குழந்தை இருப்பதால் அந்த வீட்டில் உட்கார்ந்து பாடம் நடத்த முடியாது. நடுவில் ஐந்து சுவர் என்று அவரிடம் சொன்னேன். சோதித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்றும் சொன்னேன். அவருடைய கடையில் எல்லாமே பிரமாதமாகத்தான் வேலை செய்யும், அது எனக்குத் தெரியாதா?

அம்மாவைப் போனோடு அங்கேயே உட்கார வைத்து, கடையின் வைஃபையில் வீடியோ கால் போட்டு, திறந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தையல்கடை, செருப்புக்கடை, பேக்கரி. ஒவ்வொரு இடத்திலும் அனுமதி கேட்டு உள்ளே போய் நின்றேன். பேக்கரியில் அம்மாவின் முகம் உறைந்துபோனது. அடாப்டரைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டு, இரண்டு ஒயரும் மாட்டுகிற ஒரு கார்டை உள்ளே பொருத்தினார். மாடல் கொஞ்சம் பழையது என்றார். மறுபடி நடந்தேன். பேக்கரி தாண்டியது, மருந்துக்கடை தாண்டியது. ஐந்தாவதாக இருந்த ஏலக்காய்க் கடையில் போய் நின்றபோது அம்மா கேட்டாள்: "எம்புட்டு நேரம்ட்டி? பசிக்கி." வாய் அசைவும் குரலும் பிசகாமல் சேர்ந்து வந்தன. அந்தக் கார்டையே எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் எதிர் லயமே தெரியாத அளவுக்கு மஞ்சு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வகுப்பைத் தொடங்கினேன்.

"டீச்சர், உங்க பின்னாடி எல்லாம் வெள்ளையா இருக்கு" என்றது ஒரு குழந்தை.

"அதுக்குப் பேரு மஞ்சு" என்று அதையே அன்றைய பாடமாக்கிவிட்டேன். கடைசிவரை ஒரு தடவைகூட அறுபடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வேலை நிரந்தரம் என்றார் மேலாளர்.

கதவைத் திறந்தால், வாசலில் அம்மா கொழுந்துச் சாக்கோடு நனைந்துகொண்டு நின்றாள். வேலை முடிந்து வந்து வெகு நேரமாகியிருந்தது. கதவுச் சத்தம் பாடத்தைக் கெடுத்துவிடும் என்று நின்றிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கெடச்சிருச்சும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். சாக்கைத் தோளிலிருந்து இறக்கி ஆணியில் மாட்டினாள்.

"குமுளில வீடு பாக்கப் போறப்ப, சொவரு எத்தனன்னு எண்ணிப் பாத்துக்கிடணும்ட்டி" என்றாள்.