லாத்தா வராத நிக்காஹ்

என் கல்யாண நாளை நினைத்தால் முதலில் வருவது சாத்திக் கிடந்த மாடி அறைக் கதவுதான். உள்ளே என் லாத்தா, கூடப் பிறந்த ஒரே அக்கா, பத்து மாத மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மணப்பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்டுவது மாப்பிள்ளையின் அக்காதான். நான் துபாய்க்குப் போன நாளிலிருந்து அந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்தவள், கீழே இறங்கவில்லை.

முந்தின நாள் பையனுக்கு லேசான காய்ச்சல். விடிந்தபோது எச்சில் வடிய, பாலுக்கு வாய் வைப்பதும் வீறிட்டு விலகுவதுமாக இருந்தான். லாத்தா அவன் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புக் கொப்புளங்கள், வாய்க்குள் புண். வந்திருந்த சொந்தமெல்லாம் அம்மை என்றது, கண்ணேறு என்றது. அவள் யாரோடும் வாதாடாமல் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். இது அம்மை இல்லை, கை கால் வாய் நோய், தானாக ஆறிவிடும் என்றார் டாக்டர். ஆனால் மற்றக் குழந்தைகளுக்குச் சுலபமாக ஒட்டும். பிள்ளை இரவிலிருந்து சிறுநீரே கழிக்கவில்லை; மதியத்துக்குள் போகாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

வாப்பா மாடியேறிக் கதவருகே நின்று கெஞ்சினார். "அஞ்சே நிமிஷம்மா. கட்டிட்டு வந்துடு."

"கீழ எத்தனை பச்சப்புள்ளைங்க இருக்கு வாப்பா! ஆளாளுக்கு என் கையைப் புடிப்பாங்க, அந்தக் கையாலயே அவங்கவங்க புள்ளையக் கொஞ்சுவாங்க. சின்னம்மா கட்டட்டும். தம்பி கோவிச்சுக்க மாட்டான், எனக்குத் தெரியும்."

கோபமா? எனக்கு அழுகைதான் வந்தது. நானும் மாடியேறி ஜன்னல் வழியே பார்த்தேன். கல்யாணப் பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் கட்டிலில் கிடந்தது. லாத்தா சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, பீய்ச்சிக் குளிரவைத்த தாய்ப்பாலைக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் துப்பத் துப்ப இவள் ஊட்டினாள். அப்படியொரு பிடிவாதக்காரி!

சின்னம்மா கருகமணி கட்டினார். நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் துஆ ஓதி முடித்து, "ஆமீன்" அடங்கிய நேரம் பார்த்து மாடியிலிருந்து லாத்தா கத்தினாள்.

"வாப்பா! புள்ள ஒண்ணுக்குப் போயிட்டான்!"

பந்தலே சிரித்தது. வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று வந்திருந்த பிள்ளைகளில் ஒன்றுக்கும் அந்த நோய் ஒட்டவில்லை.

மருமகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கல்யாண வீடியோவைப் போட்டால் வெட்கத்தில் டிவியை மறைத்துக்கொண்டு நிற்கிறான். லாத்தா கத்திய அந்தச் சத்தத்தை எடுத்துவிடட்டுமா என்று வீடியோக்காரர் அப்போதே கேட்டார்.

"கல்யாணத்தையே வேணும்னாலும் வெட்டிக்குங்க, அத மட்டும் தொடாதீங்க" என்றேன்.